ஐந்து தட்டுச் சேஞ்சரா, முந்நூறு தட்டுப் பெட்டியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் தோ பாயோவில் உள்ள உங்கள் நான்கறை வீட்டில் தந்தையாரிடம் ஏறக்குறைய முந்நூறு சிடிக்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி திரைப்பாடல்கள், மீதி கர்நாடக சங்கீதக் கச்சேரிகளும் பக்திப் பாடல்களும். எழுபதைத் தாண்டிய அவருக்குக் கைப்பேசியில் பாட்டுத் தேடிக் கேட்பதில் விருப்பமில்லை; ஒவ்வொரு சிடி முடியும்போதும் எழுந்து மாற்ற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பழைய பொருள்களை வாங்கி விற்கும் கேரோசல் செயலியில், ஐந்து சிடி கொண்டு அவற்றைத் தானே மாற்றி ஒலிக்கும் பழைய சேஞ்சர் ஒன்றும், முந்நூறு சிடி கொள்ளும் சோனிப் பெட்டி ஒன்றும் விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, எதை வாங்கலாம், வாங்கும்முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஐந்து தட்டுச் சேஞ்சரை வாங்குங்கள் என்பதே என் பதில். இரண்டில் எது இனிமையாக ஒலிக்கும் என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சிடியில் பதிந்திருப்பது ஒலியிலிருந்து விநாடிக்கு 44,100 முறை எடுக்கப்பட்ட 16 பிட் மாதிரிகள், அதாவது வெறும் எண்கள். அவற்றைச் சரியாகப் படித்து வெளியே அனுப்பும் வேலையை 1990களிலும் அதற்குப் பின்னும் வந்த நல்ல நிறுவனத்தின் எந்தக் கருவியும் ஒழுங்காகவே செய்யும். பழைய சேஞ்சர் ஒன்றை வாங்கும்போது உண்மையில் நீங்கள் விலை கொடுப்பது தட்டைத் தூக்கி, சுழற்றி, இறக்கி, இறுகப் பிடிக்கும் இயந்திரப் பகுதிக்குத்தான். கெட்டுப்போவதும் பெரும்பாலும் அந்தப் பகுதிதான். ஆகவே அது எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு நாள் உழைக்கும்.

வீட்டுச் சேஞ்சர்கள் மூன்று வகையாக வந்தன. முதலாவது, அகலமான இழுப்பறைக்குள் ஐந்து அல்லது ஆறு சிடிக்கள் வட்டமாக உட்காரும் சுழல்தட்டு வகை. சோனி, யமஹா, ஒன்கியோ, டெக்னிக்ஸ், டெனான் எனப் பலரும் இதைச் செய்தார்கள். இரண்டாவது, ஆறு சிடிக்களை ஒரு சிறு பெட்டகத்தில் அடுக்கிச் செருகும் மேகசின் வகை. 1980களின் நடுவிலிருந்து பயனியர் நிறுவனம் பிடி-எம் வரிசையில் இதைப் பரவலாக்கியது. மூன்றாவது, நூறு முதல் நானூறு சிடிக்கள் வரை செங்குத்தாக நிற்கவைக்கும் பெரிய பெட்டி. சோனியின் சிடிபி-சிஎக்ஸ் வரிசையும் பயனியரின் பிடி-எஃப் வரிசையும் இந்த வகையில் பேர்பெற்றவை. நீங்கள் பார்த்த சிடிபி-சிஎக்ஸ்355 முந்நூறு சிடி கொள்வது.

முந்நூறும் ஒரே பெட்டிக்குள் போய்விட்டால் வேலை முடிந்தது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அதோடு நடந்துகொள்ள வேண்டிய விதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு சிடியின் எடை ஏறத்தாழ 15 கிராம். முந்நூறு சிடி என்றால் பெட்டியின் எடையோடு இன்னும் நாலரை கிலோ சேரும். பெட்டியின் ஆழம் அரை மீட்டரை நெருங்குவதால், நம் வீடுகளில் வழக்கமாகப் போடும் 40 செ.மீ. தொலைக்காட்சி மேசையில் அது முன்பக்கம் நீட்டிக்கொண்டுதான் நிற்கும். உள்ளே போன சிடிக்களின் காலி உறைகளும் பாடல் விவரத் தாள்களும் வேறோர் அலமாரியில் இருக்கும். எந்த எண்ணில் எது இருக்கிறது என்று கையால் ஒரு பட்டியல் எழுதிவைக்க வேண்டும். சிடிக்குப் பெயர் சூட்டும் வசதி கருவியில் இருந்தாலும் அதில் ஆங்கில எழுத்து மட்டுமே ஏறும். இத்தனைக்கும் பிறகு, நடுவில் ஒரு சிடி சிக்கிக்கொண்டால் தந்தையாரின் சேகரிப்பு முழுவதும் உள்ளே பூட்டப்பட்டுவிடும்; மேல்மூடியைக் கழற்றாமல் வெளியே எடுக்க இயலாது. அப்பெட்டியைப் பழுதுபார்க்க ஒப்புக்கொள்ளும் கடை இன்று சிங்கப்பூரில் கிடைப்பது அரிது. கதவை மூடிவைத்தால் தூசி படியாது என்பது அதன் நியாயமான நன்மை. என்றாலும் அந்த ஒன்றுக்காக இவ்வளவையும் ஏற்க வேண்டுமா என்று நான் தயங்குவேன்.

மேகசின் வகையை முழுவதுமாக ஒதுக்க வேண்டியதில்லை. வகைக்கொரு பெட்டகம் என்று வைத்துக்கொண்டால், காலையில் கேட்கும் பக்திப் பாடல்கள் ஒன்றிலும் கச்சேரிகள் மற்றொன்றிலும் எப்போதும் தயாராக இருக்கும். ஆனால் விற்பவரிடம் பெட்டகம் இல்லாவிட்டால் அந்தக் கருவியால் ஒரு பயனும் இல்லை. அவ்வகைச் சில மாடல்களில் பெயர் அச்சிட்ட பக்கம் கீழே இருக்கும்படி சிடியை வைக்க வேண்டும் என்பதால், பார்வை மங்கியவர்களுக்கு அது தொல்லை.

சுழல்தட்டு வகையில், இழுப்பறை திறந்தவுடன் உள்ளே என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. சிக்கினாலும் ஒரு சிடிதான் சிக்கும். பல மாடல்களில் ஒரு சிடி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இழுப்பறையைத் திறந்து மற்றவற்றை மாற்றலாம். மூன்று மணி நேரக் கச்சேரி இரண்டு அல்லது மூன்று சிடிக்களில் வருவதுண்டு. ஆலாபனை முடிந்து கிருதி தொடங்கும் இடத்தில் எழுந்து போகாமல் முழுக் கச்சேரியையும் நாற்காலியில் இருந்தபடியே கேட்க ஐந்து இடங்கள் தாராளமாகப் போதும். ஒரு சிடி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியை எந்தச் சேஞ்சரும் தவிர்க்காது.

இனி, வாங்கும் இடம். கேரோசலிலும் முகநூல் சந்தையிலும் தனியாரிடம் வாங்கினால் விலை குறைவாக இருக்கும். ஆனால் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, பழுதுபட்ட பொருள்களுக்கான பாதுகாப்பு விதிகள், வணிகர்களிடம் வாங்கும் பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும். பயன்படுத்திய பொருள்களையும் அவை உள்ளடக்குகின்றன. பொருளின் வயதும் விலையும் கணக்கில் கொள்ளப்படும் என்றாலும், ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறை பொருள் கைமாறியபோதே இருந்ததாகக் கருதப்படும், அப்படி இல்லை என்று நிறுவ வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. ஒரு தனிநபர் தன் வீட்டுப் பொருளை விற்கும்போது இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே தனியாரிடம் வாங்கும்போது சோதனையை அவர் வீட்டிலேயே முடித்துக்கொள்வது அவசியம். புளோக்கின் கீழ்த்தளத்திலோ எம்ஆர்டி ரயில் நிலையத்திலோ பையைக் கைமாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இதற்கு ஒத்துவராது. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு, தரையில் விரித்துவைத்த கருவியைக் குனிந்து பார்த்துப் பேரம் பேசும் வாய்ப்பும் சுருங்கிவிட்டது. கோல்மன் தெருவில் உள்ள அடெல்ஃபி கட்டடத்து ஒலிக்கருவிக் கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம். அங்கே தரம் தெரிந்தவர்கள் இருப்பார்கள், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

பணம் கொடுக்குமுன் முதலில் பார்க்க வேண்டியது கருவியின் பின்புறம். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிலிருந்து வரவழைத்து விற்கப்படும் கருவிகள் 100 வோல்ட்டில் இயங்குபவை. அமெரிக்கக் கருவிகள் 120 வோல்ட்டில். அவற்றை மூன்று முனை அடாப்டர் மாட்டி நம் சுவரில் செருகினால் முனை மட்டும்தான் பொருந்தும், மின்னழுத்தம் மாறாது. சுவிட்சைப் போட்ட கணமே கருவி போய்விடும். சில பன்னாட்டு மாடல்களில் மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் திருகு பின்புறத்தில் இருக்கும். அது இல்லையென்றால் மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். சேஞ்சர் ஒன்று உண்ணும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் 50 வாட் அளவே போதுமானது. ஆனால் உள்ளே செப்புச்சுருள் உள்ள, கையில் கனக்கும் டிரான்ஸ்பார்மராக அது இருக்க வேண்டும். முடி உலர்த்திக்காகப் பயணிகள் வாங்கும் இலேசான மாற்றி இதற்கு உதவாது. உங்கள் தந்தையார் தனியாகக் கையாளப்போகிறார் என்பதால், 230 வோல்ட் கருவி கிடைக்கும்வரை காத்திருப்பதே மேல்.

சோதனைக்குச் சொந்தச் சிடிக்களைக் கொண்டு செல்லுங்கள். விற்பவர் போட்டுக்காட்டும் சிடி, அந்தக் கருவி எப்போதும் படிக்கும் சிடியாகவே இருக்கும். ஐந்து சிடிக்களைக் கொண்டுபோய் ஐந்து இடங்களிலும் வையுங்கள். ஒவ்வோர் இடத்தையும் அழைத்து, பாடல்களின் எண்ணிக்கை சில நொடிகளில் திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். அவற்றில் ஒன்றாவது எழுபது நிமிடங்களுக்கு மேல் ஓடும் சிடியாக இருக்கட்டும். சிடியை லேசர் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் நோக்கிப் படித்துச் செல்கிறது. தட்டின் வேகமும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 500 சுற்றிலிருந்து 200 சுற்றாகக் குறைந்துகொண்டே வருகிறது. தளர்ந்த மோட்டாரும், லேசர் நகரும் தண்டில் காய்ந்து இறுகிய மசகும் முதல் பாடலில் தெரியாமல் கடைசிப் பாடலில்தான் தம்மைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே நீளமான சிடியின் கடைசிப் பாடலை முழுவதும் கேளுங்கள். பின்னர் முதல் பாடலுக்கும் கடைசிப் பாடலுக்கும் மாறி மாறித் தாவச் செய்யுங்கள். வீட்டில் பதிந்த சிடி-ஆர் ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். தேய்ந்துவரும் லேசர், கடையில் வாங்கிய சிடியைப் படித்துவிட்டுச் சிடி-ஆரில் தடுமாறுவது பொதுவான முன்னறிகுறி. ஆனால் 1990களின் முற்பகுதிக் கருவி என்றால், நல்ல நிலையில் இருந்தாலும் சில சிடி-ஆர்களை அது ஏற்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

இழுப்பறையைப் பலமுறை தொடர்ந்து திறந்து மூடுங்கள். திறக்கத் தயங்கினாலோ, பாதியில் நின்று தானே திரும்பினாலோ, பெரும்பாலும் காரணம் ரப்பர் பெல்ட் தளர்ந்திருப்பதுதான். அது பயப்பட வேண்டிய பழுதன்று, விலை பேச உதவும் பழுது. ஆனால் கடகடவென்று பற்சக்கரம் தாவும் ஒலி கேட்டாலோ, ஓர் எண்ணை அழுத்த வேறோர் இடத்திற்குச் சென்று நின்றாலோ, அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். 'சிடி இல்லை' என்று திரையில் வருவதற்கு அழுக்கடைந்த லென்ஸும் காரணமாக இருக்கலாம், ஆயுள் முடிந்த லேசரும் காரணமாக இருக்கலாம். எது என்று நின்ற இடத்தில் தீர்மானிக்க முடியாது. "லென்ஸைத் துடைத்தால் சரியாகிவிடும், அண்ணே" என்று விற்பவர் சொன்னால், துடைத்துவிட்டு அழைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்ப்பதும் நல்லது; சூடேறிய பிறகு தடுமாறும் கருவிகள் உண்டு.

ரிமோட் கூடவே வருகிறதா என்று கேட்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாடல் எண்ணை நேரடியாக அழுத்துவது, பாடல்களை வரிசைப்படுத்தி வைப்பது போன்ற வசதிகள் பல மாடல்களில் ரிமோட்டில் மட்டுமே உள்ளன. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, எழுந்து போகாமல் கேட்பதுதான் நோக்கம் என்பதால், ரிமோட் இல்லாத சேஞ்சர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

வாங்கிய பிறகு கொண்டுவரும் விதம்: உள்ளே ஒரு சிடியும் இருக்கக்கூடாது; கருவி படுக்கை நிலையிலேயே வர வேண்டும். சில மாடல்களில் பயணத்தின்போது இறுக்கிவைக்கும் திருகுகள் அடிப்பக்கம் இருக்கும். இறுக்கியதை வீட்டில் தளர்த்தாமல் இயக்கினால் மோட்டார் திணறும். குளிரூட்டப்பட்ட டாக்சியிலிருந்து இறக்கியவுடன் மின்சாரம் கொடுக்காமல் ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். குளிர்ந்த பொருள் நம் ஈரக்காற்றைச் சந்திக்கும்போது லென்ஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படியும். அந்த நிலையில் எந்தச் சிடியையும் அது படிக்காது. இரவு முழுவதும் ஏர்கான் ஓடும் படுக்கையறையில் சேஞ்சரை வைத்துவிட்டு, காலையில் சன்னல்களைத் திறந்தவுடன் பாட்டுப் போட முயல்பவர்கள் இதே காரணத்தால்தான் கருவி கெட்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். வரவேற்பறையே அதற்கு ஏற்ற இடம்.

இணைப்பில் அதிகச் சிக்கல் இல்லை. பின்புறத்துச் சிவப்பு, வெள்ளை இணைப்புகளை ஆம்ப்ளிஃபயரின் 'சிடி' அல்லது 'ஆக்ஸ்' துளைகளில் செருகினால் போதும்; இசைத்தட்டுக்கான 'ஃபோனோ' துளையில் மட்டும் செருகாதீர்கள், ஒலி சிதைந்து கூச்சலாக வரும். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் சவுண்ட்பார் மட்டும் இருந்தால், சேஞ்சரில் ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் வெளியீடு உண்டா என்பதை வாங்கும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா மாடலிலும் அது இல்லை.

பராமரிப்பில் நம் ஊருக்கென்றே உள்ள எதிரி ஈரப்பதம். ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் காற்றில், மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் கருவியின் லென்ஸில் பூஞ்சை படியும், ரப்பர் பிசுபிசுக்கும், மசகு இறுகும். வாரத்தில் சில நாளாவது ஓடும் சேஞ்சர், போர்வை போர்த்தி வைத்த சேஞ்சரைவிட நீண்ட நாள் வாழும். லென்ஸைத் துடைக்க நேர்ந்தால் மின்செருகியைக் கழற்றிய பிறகே மேல்மூடியைத் திறக்க வேண்டும். லேசர் 780 நானோமீட்டர் அலைநீளத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் ஒளிர்வதால், மூடி திறந்த நிலையில் ஓடவிட்டு அதற்குள் எட்டிப் பார்ப்பது ஆபத்து. முதலில் கேமராவுக்குப் பயன்படும் காற்றூதியால் தூசியை அகற்றி, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இலேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால், அழுத்தமே கொடுக்காமல் துடைக்க வேண்டும். மெல்லிய கம்பிகளில் தொங்கும் பகுதி அது. தூரிகை ஒட்டிய சுத்தம் செய்யும் சிடிக்களைச் சேஞ்சரில் போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பெல்ட் மாற்ற வேண்டியிருந்தால் பழையதை அளந்து, அது நீண்டு தளர்ந்திருக்கும் என்பதால் சுற்றளவில் 5 விழுக்காடு அளவுக்குச் சிறியதாகத் தேடுங்கள். ஜாலான் புசார் சாலையில் உள்ள சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

சிடிக்களையும் ஒருமுறை தணிக்கை செய்தாக வேண்டும். கையால் பெயர் எழுதி ஒட்டிய காகித வில்லை உள்ள சிடி எதையும் சேஞ்சருக்குள் அனுப்பாதீர்கள். சுழலும்போது சமநிலை குலைவது மட்டுமன்றி, ஈரத்தில் உரிந்த ஓரம் உள்ளே ஒட்டிக்கொண்டு சிக்கலை உண்டாக்கும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறிய பகுதியையே மறைக்கும், ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியைச் சிடியின் பிழைதிருத்த முறை தானே நிரப்பிவிடும். வட்டமாகத் துடைத்து உண்டாகும் கீறலோ தடத்தின் வழியே நீண்டு ஓடுவதால் அதற்குத் திருத்தம் எட்டாது. கீழ்ப்பக்கத்தைவிடப் பெயர் அச்சிட்ட பக்கமே மென்மையானது. ஒளியைத் திருப்பும் உலோகப்படலம் அங்கே மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. சிடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைகளோ விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரவும் கறையோ தெரிந்தால், அதை உடனே கணினியில் நகலெடுத்து வையுங்கள். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியைப் பூஞ்சை அரித்துவிட்டதை 2001இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நம் வீட்டுச் சிடிகளுக்கு அந்த அளவு வராது என்றாலும், உறைக்குள் இருக்கும் தாளில் பூஞ்சை பிடிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் ஈரம் உறிஞ்சும் அலமாரி ஒன்றில் அரிய கச்சேரிகளை மட்டுமாவது வைப்பது நல்ல ஏற்பாடு.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். ரிமோட்டோடு, ஐந்து இடங்களும் சரியாக இயங்கும் 230 வோல்ட் சுழல்தட்டுச் சேஞ்சருக்கு நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கொடுப்பதை நான் நியாயம் என்பேன். அதற்கு மேல் என்றால், பெட்டியும் கையேடும் உள்ள, அண்மைக்கால மாடலாக இருக்க வேண்டும். 'ஆடியோஃபைல்' (ஒலித்தரப் பிரியர்களுக்கானது) என்ற அடைமொழிக்காக ஒரு வெள்ளிகூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, தந்தையாரின் அடுக்கில் எம்பி3 சிடிக்களும் விசிடிக்களும் கலந்திருக்கின்றனவா என்று பிரித்துப் பாருங்கள். நூறு, நூற்றைம்பது பாடல்களை ஒரே சிடியில் அடைத்து விற்ற காலத்தில் வாங்கியவை பல வீடுகளில் உண்டு. சாதாரண சேஞ்சர் அவற்றைப் படிக்காது. யமஹா சிடி-சி600, ஒன்கியோ டிஎக்ஸ்-சி390 போன்ற பிற்கால மாடல்கள் எம்பி3 சிடிக்களைப் படிக்கும். விசிடிக்கு அவையும் உதவமாட்டா. அந்தச் சில சிடிக்களுக்காக விலையுயர்ந்த சேஞ்சரைத் தேடி அலைவதைவிட, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டிவிடி கருவியை ஆம்ப்ளிஃபயரின் இரண்டாவது துளையில் இணைத்துவைத்தால் போதும்.